நம் மலை ஒரு பூகோளப் புத்தகம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குப் பரிசு வாங்கிய கதை அதிகம் கிடையாது. முட்டை வாங்கிய கதை ஒன்று உண்டு. அதையே சொல்கிறேன்.

1978-ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம் பிப்ரவரி முதல் தேதி நம் கேமரன் மலையில் 7.8 டிகிரி செல்சியஸ் குளிர் பதிவானது. மலேசியாவில் இதுவரை பதிவான குளிர்களிலேயே கடுமையான குளிர் அதுதான். அன்று எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. லயத்தில் அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கு வந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு கீழே ஒரு பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். புகுமுக வகுப்பு முடித்து முதலாம் பாரத்தில் பூகோளப் பரீட்சை. நம் நாட்டின் சீதோஷ்ணம் எப்படி என்று கேள்வி. புத்தகத்தில் உள்ள பதில், 'பானாஸ் டான் லெம்பாப் செப்பாஞ்சாங் தாஹுன்', அதாவது ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஆண்டு முழுவதும் குளிரும் ஈரமும்' என்று எழுதினேன்! பொய்யா எழுதினேன்? நான் பிறந்து வளர்ந்ததைத்தானே எழுதினேன்? பெரிய முட்டை போட்டு, வகுப்பில் எழுந்து நிற்க வைத்துச் சிரித்தார்கள். மலைக்காட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும் என்ற பேச்சும் காதில் விழுந்தது.

லீவுக்கு வந்தபோது அப்பாவிடம் சொல்லி அழுதேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ எழுதினதும் மெய்தாண்டா, வாத்தியார் சொல்றதும் மெய்தான். அவரு கீழேருந்து கேட்டிருக்காரு, நீ மேலேருந்து பதில் சொல்லிட்டே. நடுவுல அம்புட்டு மலை கிடக்குல்ல?" என்றார்.

பிள்ளைகளே, அந்த 'நடுவில் கிடக்கும் மலை'யைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் பிற்காலத்தில் பூகோள ஆசிரியராகி முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முப்பது வருஷமும் விரித்து விரித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. மேலே போகப் போகச் சூரியனுக்குக் கிட்டத்தில் போகிறோம் அல்லவா? அப்படியானால் சூடுதானே ஏற வேண்டும்? ஏன் குளிர்கிறது?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நாம் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே ஏறியதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. சூரியன் நேராகக் காற்றைச் சூடாக்குவது மிகக் குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறும். மேலே போனால் அழுத்தம் குறைவு, காற்று விரியும். விரியும் காற்று குளிரும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்குப் போய் அண்ணனுடைய சைக்கிள் வால்வை லேசாக அழுத்திப் பாருங்கள், சில்லென்று காற்று வரும். (அண்ணன் அடித்தால் நான் பொறுப்பல்ல.) அதே சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது. அமுங்கும் காற்று சூடாகிறது. ஏறும் காற்று குளிரும், இறங்கும் காற்று சூடாகும் என்ற இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் உலகத்துக் காடுகள், பாலைவனங்கள் எல்லாவற்றுக்கும் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். தாப்பாவில் சராசரி சுமார் 27 டிகிரி. தானா ராத்தா இருப்பது 1,400 மீட்டருக்குச் சற்று மேலே. கணக்குப் போடுங்கள்: ஒன்பது டிகிரி குறைகிறது, 18 வருகிறது. வானிலை நிலையத்தார் அளந்து சொல்லும் சராசரியும் ஏறத்தாழ அதேதான்.

இந்தப் பதினெட்டு என்ற எண்ணை மறக்காதீர்கள். விளாடிமிர் கோப்பன் என்று ஒரு விஞ்ஞானி, 1846-இல் பிறந்தவர். உலகத்தின் சீதோஷ்ணத்தையெல்லாம் வகைபிரித்தவர். இன்றைக்கும் பள்ளிப் புத்தகங்களில் இருப்பது அவர் போட்ட வரைபடத்தின் வழிவந்ததுதான். அவர் வெப்பமானியை மட்டும் பார்த்துக் கோடு போடவில்லை. செடிகொடியைப் பார்த்தார். எந்த மரம் எதுவரை வளர்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் என்ன வெப்பம், எவ்வளவு மழை என்று கணக்கிட்டார். செடிதான் அவருக்கு வெப்பமானி. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் குறையாத இடத்தைத்தான் அவர் வெப்பமண்டலம் என்றார். நம் தானா ராத்தாவோ அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வருஷத்தின் குளிர்ந்த மாதங்களில் கோட்டுக்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. ஆக, அந்தப் பரீட்சைத் தாளைக் கோப்பன் திருத்தியிருந்தால் எனக்கு அரை மார்க்காவது போட்டிருப்பார்!

இந்த விஷயம் நம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டினிக்குத் தேங்காய் எங்கிருந்து வருகிறது? கீழேயிருந்து லோரியில் வருகிறது. நம் தோட்டத்தில் ஏன் ஒரு தென்னையும் காய்த்துக் குலுங்கவில்லை? மழைக்குக் குறைவா? ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. தென்னைக்குச் சூடு போதவில்லை, அவ்வளவுதான். ரப்பரும் அப்படியே. பிரேசில் நாட்டு அமேசான் காட்டு மரம் அது. 1876-இல் ஹென்றி விக்காம் அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறுவருஷமே கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஏன் இங்கே அது அப்படிச் செழித்தது? கடல் தாண்டி வந்தாலும் அமேசானில் இருந்த அதே சூடு, அதே மழை அதற்குக் கிடைத்தது. நம் சொந்தக்காரர்கள் சிலாங்கூரிலும் பேராக்கிலும் ரப்பர் பால் வெட்டியதற்கும், நாம் இங்கே கொழுந்து எடுப்பதற்கும் அந்த ஒன்பது டிகிரிதான் காரணம்.

தேயிலை கீழே வளராதா என்று கேட்பீர்கள். வளரும். 1929-இல் இந்த மலையில் தோட்டம் தொடங்கிய போ நிறுவனமே சிலாங்கூரில் புக்கிட் சீடிங்கில் சமவெளித் தேயிலை வளர்த்தது. ஆனால் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். மெதுவாக வளரும் கொழுந்தில்தான் மணமும் சுவையும் சேரும். அவசரத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் நிதானமாக வளர்ந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று என் அம்மா சொல்வார். அவர் என்னைத்தான் குத்திக்காட்டினார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு நாலரை டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம். அதனால் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் ஏறத்தாழ இரண்டு டிகிரிதான் வித்தியாசம். காலைக்கும் நடுப்பகலுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆகவே நமக்குக் கொழுந்து வருஷம் பூராவும் வருகிறது. அஸ்ஸாமிலும் டார்ஜிலிங்கிலும் குளிர்காலம் வந்தால் செடி தூங்கிவிடும், கொழுந்து கிடையாது. நீலகிரியில் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை குறைவு, இரவில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். தரையின் சூடெல்லாம் மேலே போய்விட, விடியற்காலையில் உறைபனி விழுந்து தேயிலைச் செடி கருகிப்போகும். நமக்கோ மேகமும் மூடுபனியும் கம்பளி மாதிரி. 1978-இல்கூட 7.8-க்குக் கீழே போகவில்லை. மலையும் மலையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குளிரும் குளிரும் ஒன்றல்ல.

இப்போது உங்களைத் தாப்பாவிலிருந்து ஒரு பஸ் பிரயாணம் கூட்டிப்போகிறேன். தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். பிள்ளைகள் பெரும்பாலும் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவீர்கள். அடுத்த தடவை கண்ணைத் திறந்து பாருங்கள்.

அடிவாரத்தில் மெராந்தி, கெருயிங் போன்ற ஓங்கி உயர்ந்த மரங்கள். அடி மரத்தில் பலகை போலப் பக்கவேர்கள். இலைகளின் நுனி கூராக நீண்டிருக்கும், விழுந்த மழைநீர் வழிந்தோடுவதற்கு. ஓராங் அஸ்லி மக்கள் மூங்கில் வெட்டும் சரிவுகளைத் தாண்டி மேலே வர வர அந்த ராட்சத மரங்கள் குறையும். சுமார் 1,200 மீட்டருக்கு மேலே ஓக் மரத்தின் இனத்தைச் சேர்ந்த பெராங்கான், மெம்பெனிங், இலவங்க மரத்தின் உறவான மேடாங் இவைதான் ஆட்சி. மரத்தின் உயரம் குறைந்து, கிளைகளில் பெரணிகளும் ஆர்க்கிட் பூக்களும் ஏறிவிடும். (இந்தக் காட்டின் அடர்த்திக்கு ஒரு சாட்சி வேண்டுமா? தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் தானா ராத்தாவில் ஒரு மத்தியானம் வெளியே நடக்கப் போனார். எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே அப்பா அம்மாவிடம் சொல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.)

கடைசியில் 2,000 மீட்டரைத் தாண்டிய நம் பிரிஞ்சாங் மலையுச்சி. அதுதான் பாசிக்காடு. அங்கே கொஞ்ச நேரம் நிற்க எனக்கு ஆசை.

பார்த்திருக்கிறீர்களா? மரமெல்லாம் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் கிழவன் கைபோலக் கணுக்கணுவாகவும் இருக்கும். இலை சின்னது, தடிமன், தோல் மாதிரி. தரை, வேர், தண்டு, கிளை எல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தாற்போல் பாசி. கை வைத்தால் தண்ணீர் சொட்டும். மழை இல்லாத நாளிலும் சொட்டும். ஏனென்றால் அந்தக் காடு மழைக்குக் காத்திருப்பதில்லை. போகிற மேகத்தையே பிடித்துக் கறந்துவிடுகிறது. கீழேயிருந்து ஏறிவரும் ஈரக் காற்று அந்த உயரத்தில்தான் குளிர்ந்து மேகமாகிறது. காலையில் சிலந்தி வலையில் முத்து முத்தாக நீர் கோத்திருக்குமே, அப்படி ஒவ்வொரு பாசி இழையிலும் மேகம் நீராகக் கோக்கிறது.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் மரம் ஏன் குட்டை? வெயில் குறைவு, குளிர், ஓயாத காற்று. மண்ணோ ஊறிப்போய்ப் புளித்துக் கிடக்கிறது. விழுந்த இலை மக்குவதற்கே நெடுங்காலமாகும். மண்ணில் சத்து இல்லையென்றால் செடி என்ன செய்யும்? மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', குரங்குப் பானை என்று சொல்லும் கெண்டிச் செடியைப் பாருங்கள். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சியைப் பிடித்துத் தின்று தேடிக்கொள்கிறது. அதை வேடிக்கைச் செடி என்று பறித்துவந்து போத்தலில் வைக்கிறோம். வீட்டில் அது நெடுநாள் இருப்பதில்லை. அதற்கு வேண்டியது அந்த மேகம். அதைப் போத்தலில் எப்படிக் கொண்டுவருவது?

தாப்பாவிலிருந்து பிரிஞ்சாங் உச்சிவரை இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பார்த்த மாற்றத்தைத் தரையோடு வடக்கே போய்ப் பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். இதை உலகத்துக்கு அழகாகப் படம் போட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1802-இல் தென் அமெரிக்காவில் சிம்போராசோ என்ற எரிமலையில் ஏறினார். உச்சியைத் தொட முடியவில்லை. ஆனால் ஏறும்போது எந்தச் செடி எந்த உயரத்தில் என்று குறித்துக்கொண்டே போனார். அடியில் பனையும் வாழையும், நடுவில் ஓக், மேலே புல், உச்சியில் பனிக்கட்டி. ஒரே மலையில் பூமத்திய ரேகையிலிருந்து துருவம்வரை அடுக்கி வைத்தாற்போல இருப்பதைக் கண்டார்.

சரி, அந்தத் தரைவழிப் பயணத்தையும் வேகமாகப் போய்விட்டு வருவோம். இட்டிலிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைப் பக்கம் அடுப்பு நன்றாக எரிகிறது. ஈரக் காற்று ஆவியாக மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மூடியில் நீர் கோத்து விழுவதுபோல் மழை கொட்டுகிறது. அதனால் அமேசான், காங்கோ, நம் மலாய்த் தீவுகள் எல்லாம் மழைக்காடு. ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்ட காற்று வடக்கேயும் தெற்கேயும் போய், சுமார் 30 டிகிரியில் இறங்குகிறது. இறங்கும் காற்று சைக்கிள் பம்ப் மாதிரி சூடாகிவிடும் என்றேனே? சூடான வறண்ட காற்று மழை தராது. அதுதான் சகாரா, அரேபியா, ஆஸ்திரேலியப் பாலை. இரண்டுக்கும் நடுவில் பாதி வருஷம் மழை, பாதி வருஷம் காய்ச்சல் என்று இருக்கும் இடம் ஆப்பிரிக்கச் சிங்கமும் வரிக்குதிரையும் உலவும் புல்வெளி. இன்னும் வடக்கே குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஐரோப்பியக் காடு. அதற்கும் மேலே ருஷ்யாவிலும் கனடாவிலும் முடிவில்லாத ஊசியிலைக் காடு. அதையும் தாண்டினால் மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் துந்திரா. அங்கே மரம் கிடையாது, பாசியும் குட்டைச் செடியும்தான். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஆனால் நம் குடும்பங்கள் நடந்த பயணம் ஒன்று இருக்கிறதே, அது பரீட்சையில் வராது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கம். 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில வருஷம் முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் விட்டுவந்த பூமி எப்படிப்பட்டது? ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைந்த மழை. அதிலும் ஒரு பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை என்று ஓரிரு மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதமெல்லாம் வானம் பார்த்த பூமி. வேல மரம், உடை மரம், கள்ளி, பனை. இலை சின்னது, முள் பெரிது. தண்ணீரை வீணாக்காமல் இருக்க மரம் கற்ற சிக்கனம் அது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மலையேறி ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் என்று கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. கோயம்புத்தூருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 600, 700 மில்லிமீட்டர்தான். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்ததா, அந்தப் பக்கம் பிறந்ததா என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியிருந்தது. கப்பலேறக் காரணம் மழை ஒன்று மட்டும் அல்ல. கடனும் சாதியும் கங்காணியின் வாக்கும் உண்டு. ஆனாலும் வறட்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

தாத்தா தாப்பாவிலிருந்து முதல் தடவை மேலே வந்தபோது பயந்துவிட்டாராம். "எம்புட்டு நாளாப் பாத்தாலும் மரம் இலை உதுக்கிறதே தெரியலையே, இதென்னடா தூங்காத காடு" என்பார். உதிர்க்காமல் இல்லை. இங்கே பஞ்ச மாதம் என்று ஒன்று இல்லாததால் எல்லா மரமும் சேர்ந்து உதிர்க்க வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்க்கின்றன. முட்காட்டில் பிறந்து, மழைக்காட்டைக் கடந்து, மேகக் காட்டின் அருகே குடியேறினார் அந்த மனிதர். கோப்பன் வரைபடத்தில் மூன்று நிறம் தாண்டியிருக்கிறார். கையில் ஒரு தகரப்பெட்டிதான்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தை வேறொரு பெயரில் படித்திருப்பீர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்கிறது. மரம், பூ, விலங்கு, பறவை, மக்கள், தொழில் எல்லாம் அதன்பின் வரும் 'கருப்பொருள்'. குறிஞ்சி என்றால் மலை. அதன் காலம் கூதிரும் முன்பனியும். அதாவது இடமும் காலமும் முதலில், உயிர்கள் அதையொட்டி. நம் முன்னோர் கோப்பனுக்கு முன்னாலேயே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அது பாட்டுக்காக வகுத்த இலக்கணம், வானிலை நிலையம் அல்ல. ஆனால் மலையில் வாழ்கிறவனின் பேச்சும் பண்டமும் ஏக்கமும்கூடக் குளிரோடு சேர்ந்தது என்று கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாலைக்கென்று தனியாக நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் தன்மை கெட்டால் அதுவே பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் வைத்திருக்கிறார். நிலம் ஒரே மாதிரி நின்றுவிடுவதில்லை. சகாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஏரியும் புல்லும் இருந்தன; மாடு மேய்த்தவர்கள் பாறையில் தீட்டிய படங்கள் இன்றும் இருக்கின்றன. பருவமழை பின்வாங்கியது, பாலை வந்தது.

இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? பெற்றோர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உலகத்தின் சராசரி வெப்பம் தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட ஒரு டிகிரிக்கும் மேல் ஏறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற நம் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு டிகிரிக்கு 150 மீட்டருக்கு மேல் வருகிறது. பழைய குளிரே வேண்டும் என்கிற செடி, அவ்வளவு தூரம் மலையேற வேண்டும். இது வெறும் காகிதக் கணக்கல்ல. சபாவில் கினபாலு மலையில் 1965-இல் விட்டில் பூச்சிகளைப் பிடித்துக் கணக்கெடுத்திருந்தார்கள். 42 ஆண்டு கழித்து, 2007-இல் அதே இடங்களில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பூச்சிகள் சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன. கினபாலு நாலாயிரம் மீட்டர் மலை. ஏற இடம் இருக்கிறது. நம் பிரிஞ்சாங் இரண்டாயிரத்தோடு முடிந்துவிடுகிறது. பாசிக்காடு ஏற்கெனவே மொட்டை மாடியில்தான் நிற்கிறது. அதற்கு மேலே ஏற ஏணி கிடையாது.

பாசிக்காடு போனால் நமக்கென்ன, கொழுந்தா போகிறது என்று யாராவது நினைக்கலாம். அந்தப் பாசிதான் நம் தண்ணீர்த் தொட்டி. மழை விழும் வேகத்தைத் தாங்கி, ஊறவைத்து, மெல்ல மெல்லத் தெலோம் ஆற்றுக்கும் பெர்த்தாம் ஆற்றுக்கும் விடுகிறது. தெலோம் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பி, ரிங்லெட் ஏரியில் தேக்கி, மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. சரிவில் உள்ள காட்டை எடுத்துவிட்டால் மழை நேராக மண்ணில் அடிக்கும், மண் ஆற்றில் இறங்கும், ஏரி தூரும். ஏரி தூர்ந்தால் தண்ணீருக்கு இடம் எங்கே? 2013 அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலை பெருமழையில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் வேலியில் சேற்றுவெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

காய்கறித் தோட்டக்காரர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. திரிங்காப்பில் முட்டைக்கோசும் தக்காளியும் எத்தனை அடுப்பை எரியவைக்கின்றன என்று எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அந்தப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழேதான் வேலை செய்கிறீர்கள். நம் தேயிலைத் தோட்டம் மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? அதுவும் காட்டை வெட்டிப் போட்டதுதான். அந்த மரத்தை வெட்டிய கை நம் தாத்தாமார்களின் கை. ஆனால் தேயிலை நெருங்கி வேரோடி வருஷம் முழுவதும் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் மண்ணை அது செய்ய முடியாது. எந்தச் சரிவை வெட்டலாம், எந்தச் சரிவைத் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளிலிருந்து வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. கொழுந்து எடுக்க இப்போது நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். போகிறவர்களில் ஒருவராவது மண்ணாய்வாளராகவோ வானிலை அதிகாரியாகவோ காட்டிலாகா அதிகாரியாகவோ திரும்பி வரமாட்டார்களா?

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. என் அம்மா காலையில் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். மூடுபனி பள்ளத்தில் கிடந்தால் பகல் வெயில் என்பார். உச்சியில் உட்கார்ந்திருந்தால் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார். பெரும்பாலும் தப்பியதில்லை. ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் அதைவிடப் பெரிய மழை என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் சொல்வார். அப்பா, பனிமூட்ட நாளில் கொழுந்து வாட நேரமாகும், காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்பார். அதைத்தான் நான் பிறகு பல்கலைக்கழகத்தில் 'ஈரப்பதம்' என்று காசு கொடுத்துப் படித்தேன். உங்கள் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். எங்களுக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

நேரமாகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு சின்ன வேலையை ஒப்படைத்துவிட்டு உட்காருகிறேன்.

மேசைமேல் இருக்கும் பெட்டியில் ஒரு மழைமானியும், ஆகக்கூடிய வெப்பத்தையும் ஆகக்குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி ஒன்றும் இருக்கின்றன. பள்ளிக்கு என் காணிக்கை. மழைமானியைத் திறந்த வெளியில் வையுங்கள். கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ அதில் விழக்கூடாது. வெப்பமானி நிழலில் இருக்க வேண்டும், சுவரில் ஒட்டக்கூடாது. தினமும் காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் போய்ப் பார்த்து, கூடவே வந்த நீலப் புத்தகத்தில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் வெறுமனே விட்டுவிடாமல் பூஜ்யம் என்று எழுத வேண்டும்; பூஜ்யமும் கணக்குதான், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் தொடங்கட்டும். லீவு நாளில் யார் வந்து பார்ப்பது என்பதைத் தலைமையாசிரியர் நாளைக் காலைச் சபைகூடலில் அறிவிப்பார்.